எல்லோரும் மெச்சிய மாப்பிள்ளை

ஃபைசானுக்கு மகன் பிறந்த அன்று, அவனைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் அவனுடைய அடக்கத்தைப் பாராட்டினார்கள். எல்லாத் தவறும் அந்தப் பாராட்டிலிருந்துதான் தொடங்கியது.

மயிலாப்பூரில் ஒரு சிறிய பிரசவ மருத்துவமனை. கட்டிலில் அவன் மனைவி சாய்மா அசந்து கிடந்தாள். அவளுடைய தாய் ஹாஜிரா பீ, பூந்துவாலையில் சுற்றிய குழந்தையை ஏந்தியபடி மருமகனிடம் வந்தார். பிறந்த குழந்தையின் வலது காதில் பாங்கு சொல்ல வேண்டும். தொழுகைக்கு அழைக்கும் அந்தச் சொற்களை முதன்முதலாகப் பிள்ளையின் காதில் ஓதுவது தகப்பனின் உரிமை.

"வாங்க மாப்ள. மொதல்ல உங்க குரல்தான் கேக்கணும் புள்ளைக்கு" என்றார் ஹாஜிரா பீ.

ஃபைசான் குனிந்தான். அதே கணத்தில் குழந்தை ஒரு கண்ணை மட்டும் திறந்தது. நேற்றுவரை இந்த உலகில் இல்லாத ஓர் உயிர், எங்கிருந்தோ வந்து, தன்னை நேராகப் பார்க்கிறது. ஆளில்லாத தெருவில் பின்னாலிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதைப்போல அவன் திகைத்து நின்றான். திகைப்பு மகிழ்ச்சியாக மாறும் என்று காத்திருந்தான். அது மாறவில்லை. இவ்வளவு புதிய ஒரு காதில் ஒலிக்கத் தகுந்த குரல் தன்னுடையது அன்று என்ற எண்ணம், யாரோ பக்கத்தில் நின்று சொல்வதைப்போல் தெளிவாக எழுந்தது.

"மாமா சொல்லட்டும் மாமி" என்று ஒதுங்கினான்.

மாமனார் ஹனீஃபா கச்சேரி சாலையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வாடிக்கையாளர்முன் குரல் உயர்த்திப் பேசியறியாதவர். "எனக்கா மாப்ள? எனக்கா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, தழுதழுத்தபடி பேரனின் காதருகே குனிந்தார். அன்று மாலைக்குள் அந்தத் தெரு முழுவதும் செய்தி பரவியிருந்தது. தன் உரிமையைப் பெரியவருக்கு விட்டுக்கொடுத்த பிள்ளை. இந்தக் காலத்தில் இப்படியும் ஒருவன்.

பிரசவமான பெண் நாற்பது நாள் கழியும்வரை தாய் வீட்டில் இருப்பது வழக்கம். மருமகன் அங்கே அடிக்கடி போய் நிற்பதை அந்த வீட்டார் அவ்வளவு நாகரிகமாக நினைப்பதில்லை. போனால் முன்னறையில் உட்கார வேண்டும். தேநீர் குடித்துவிட்டு, மனைவியையும் குழந்தையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புறப்பட வேண்டும். சைதாப்பேட்டையில் தனியாக இருந்த ஃபைசான் அதையும்விடக் குறைவாகவே போனான். ஹாஜிரா பீ பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொன்னார்: "எம் மாப்ளக்கு வாசல்ல செருப்ப விடறதுக்கே கூச்சம்." குழந்தையைக் கையில் வாங்காமல் இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றபோது, "புதுசா அத்தா ஆயிருக்காரு, பயப்படுறாரு" என்று சிரித்தார்கள். அவன் பயந்தது உண்மை. மாடிப்படி, சன்னல், கொதிக்கும் தேநீர் என்று எதைப் பார்த்தாலும் தன் கைகள் பிள்ளையைத் தவறவிடும் காட்சி கண்முன் வந்து நின்றது. அப்படியொரு காட்சி தோன்றுகிறவனைத் தகப்பன் என்று எப்படிச் சொல்வது என்பதே அவனுடைய கேள்வி. அதை அவன் யாரிடமும் கேட்கவில்லை.

அவனுக்கு வேலை தியாகராய நகரில், ரங்கநாதன் தெருவை ஒட்டிய ஒரு மேட்சிங் சென்டரில். பெண்கள் கொண்டுவரும் புடவைக்கு ஏற்ற ரவிக்கைத் துணியைத் தேர்ந்தெடுத்து வெட்டிக் கொடுக்க வேண்டும். மற்ற நாட்களில் அவன் விரும்பிச் செய்த வேலை அது. புடவைத் தலைப்பைத் தெருவுக்கு எடுத்துப்போய், வெயிலில் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு வந்து துணியை உருவுவான். மகன் பிறந்தபின் தெருவுக்குப் போவதை நிறுத்திவிட்டான். கைக்கு எட்டியதை எடுத்துப்போட்டான்.

"ஏம்ப்பா, இது செங்கல் கலரு. என் பொடவ செம்புக் கலரு. கண்ணாடி இல்லாம எங்க மாமியார் இதவிட நல்லா பாப்பாங்க" என்றாள் ஒருத்தி.

உடன் வேலை செய்த ரெஹான் அவனை விடுவதாக இல்லை. "கொழந்த அழுவறது மயிலாப்பூர்ல. கண்ணு செவக்கிறது சைதாப்பேட்டயிலயா? எப்டி மச்சி, ஒயர்லெஸ்ஸா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஃபைசானும் சிரித்தான், சிரிப்பது எப்படி என்பது முகத்துக்கு மறக்கவில்லை.

அவனுக்கு நேர்ந்ததைத் துக்கம் என்று சொல்ல முடியாது. துக்கத்துக்கு ஒரு காரணமும் கொஞ்சம் கண்ணீரும் உண்டு. இதற்கு இரண்டும் இல்லை. சைதாப்பேட்டை வாடகை வீட்டில் அவன் தனியாகப் படுத்திருந்தான், உறக்கம் வரவில்லை. சோறு வாயில் காகிதம்போல் இருந்தது. காலையில் சட்டைப் பொத்தான்களைப் போட்டு முடிப்பதற்குள் ஒரு நாள் வேலை செய்த களைப்பு. மாம்பலம் நிலையத்தில் ரயில் வரும் ஓசை கேட்டால் மேடையின் உட்பக்கமாக விலகித் தூணைப் பிடித்துக்கொள்ளப் பழகியிருந்தான். ஏன் என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் கிடைத்துவிடும் என்ற அச்சம்.

இந்த நிலையில்தான் அவனுக்கு ஷார்ஜா தோன்றியது. சைதாப்பேட்டையில், ஒரு மாடியறையில், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் நாகராஜ் என்பவரிடம் போய்ப் பாஸ்போர்ட்டைக் கொடுத்தான். அங்கே ஒரு துணிக்கடையில் விற்பனையாளர் வேலை. பிள்ளைக்குத் தன் சம்பாத்தியம் போதும், தான் வேண்டியதில்லை என்பது அவன் முடிவு. அதில் தியாகம் எதுவும் இருப்பதாக அவனுக்குப் படவில்லை. மழை வருகிறது, குடையை எடுக்க வேண்டும் என்பதைப்போல அவ்வளவு இயல்பாகத் தோன்றியது.

"புள்ள பொறந்ததும் பொறுப்பு வந்துடுச்சு பாருங்க" என்றார் ஹனீஃபா, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம்.

தொலைபேசியில் சாய்மா மட்டும் கேட்டாள். "நாப்பது முடிஞ்சதும் கூட்டிக்கினு போவீங்கன்னு பாத்தா, மூணாம் மாசம் பாக்கலாம்னீங்க. இப்போ ஷார்ஜாங்கறீங்க. இன்னா அவசரம்?"

"புள்ளைக்காகத்தான்" என்றான். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

விசா எந்த நாளும் வரலாம் என்றிருந்த ஒரு காலையில், குழந்தை அஃப்தாபுக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி. ஹாஜிரா பீக்கு முழங்கால் வலி, ஹனீஃபாவுக்குக் கடை. வேறு வழியில்லாமல் ஃபைசான் அரை நாள் விடுப்பு எடுத்து வந்தான். சாய்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். அவன் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தான்.

சுகாதார நிலையத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் தேவானை சிஸ்டர். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். ஊசி மருந்தை எடுத்து வைத்தபடி, நிமிர்ந்து பார்க்காமலே, ஒவ்வொரு தாயிடமும் வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். சாய்மாவின் முறை வந்தது.

"பாலு நல்லா வருதா? தூக்கம் வருதா? புள்ள தூங்கும்போது நீயும் தூங்கறியா, இல்ல கூரைய பாத்துக்கினு படுத்துக்கினு கீறியா?"

"படுத்தா போதும் சிஸ்டர், பொணம் மாதிரி தூங்கறேன்."

"காரணமே இல்லாம அழுவாச்சி வருதா?"

"அழுவறதுக்கு இவன் எனக்கு எடம் குடுத்தாத்தானே. மொத்தத்தையும் இவனே அழுது முடிச்சிடறான்."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. சிஸ்டர் நிறுத்தவில்லை. "முன்ன ஆசயா செஞ்ச வேலையெல்லாம் இப்ப வெறுத்துப் போச்சா? புள்ளய தூக்கவே பயமா கீதா? நம்மளால இதுக்கு எதனா ஆயிடுமோன்னு தோணுதா? நாம இல்லாம போயிட்டா எல்லாருக்கும் நல்லதுன்னு எப்பனா தோணிச்சா?"

"ஐயோ, இல்ல சிஸ்டர்."

ஃபைசான் துணிப்பையை இறுகப் பற்றியிருந்தான். தன்னைத் தவிர எவருமே நுழைந்ததில்லை என்று அவன் நம்பியிருந்த ஓர் இருட்டு வீட்டுக்குள், முன்பின் அறியாத ஒரு பெண், பழகிய வீட்டில் நடப்பவரைப்போல் அறை அறையாக விளக்கைப் போட்டுக்கொண்டு போனார். கூரை, வெறுத்துப்போன வேலை, கட்டிய கைகள், ரயில்மேடைத் தூண் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெளிச்சத்துக்கு வந்தன. அதைவிட அவனை உலுக்கியது வேறொன்று. பலருக்கு வராத ஒன்றை யாரும் இப்படி எல்லோரிடமும் வரிசையாகக் கேட்கமாட்டார்கள். எத்தனையோ பேர் இதே வீட்டுக்குள் இருந்திருக்கிறார்கள். இருந்துவிட்டு வெளியேயும் வந்திருக்கிறார்கள். இல்லையென்றால் இந்த அம்மாள் மருந்து எடுத்தபடியே இதை விசாரிக்க முடியுமா? மகன் பிறந்த அன்று வராத ஏதோ ஒன்று அவன் நெஞ்சை அப்போது நிறைத்தது. வியப்பு என்பதைத் தவிர அதற்கு வேறு பெயரில்லை.

"ஆம்பளைங்கள கேப்பீங்களா சிஸ்டர்?" என்றான்.

"இன்னா?"

"இதே கேள்விங்கள."

தேவானை சிஸ்டர் அப்போதுதான் நிமிர்ந்தார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். "கேக்கறதில்லயே பா. ஏன், கேக்கணுமா?"

"கேளுங்க."

பின்னாலிருந்து ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். சிஸ்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு அடங்கியது. ஊசி மருந்தைத் தட்டில் வைத்துவிட்டு, தூக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். தூக்கத்துக்கும் அழுகைக்கும் "இல்ல" என்றான், மற்றவற்றுக்கு "ஆமா" என்றான். கடைசிக் கேள்விக்கு மட்டும் வேறு பதில் சொன்னான்.

"அதுக்குத்தான் ஷார்ஜா போறேன்."

சாய்மா குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு திரும்பினாள். கணவனை அவள் அன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

"இத்தினி வருஷத்துல நான் ஒரு ஆம்பளைய கூட கேட்டதில்ல" என்றார் சிஸ்டர், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு அவன் பக்கம் திரும்பினார். "இது நோவு பா. உன் கொணம் இல்ல. வியாழக்கெழமைல மனநல டாக்டரு இங்கயே வர்றாரு. நாளைக்கு வியாழன். நான் இருப்பேன், நீ வரணும். இன்னிக்கி வூட்டுல தனியா படுக்காத. இவள வுட்டு எங்கயும் போவாத." சாய்மாவிடம், "காதுல வுழுந்துச்சா?" என்றார்.

ஊசி போட்டபின் குழந்தைக்கு ஏதாவது ஆகிறதா என்று பார்க்கச் சற்று நேரம் உட்கார வைப்பார்கள். சுவரோரப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அஃப்தாப் வீறிட்டு அழுது, பால் குடித்து, ஓய்ந்தான். சாய்மா பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள். பேசியபோது அவள் குரலில் கோபம் இருந்தது.

"மரியாதையாம், மரியாத. எங்கம்மா தெரு பூரா சொல்லிக்கினு கீறாங்க, மாப்ள தங்கம்னு. நான் தெனம் போனயே பாத்துக்கினு படுத்திருந்தேன். இன்னிக்காவது இந்த மனுஷன் ஒரு தபா மரியாத கெட்டு வந்து நிப்பாரான்னு."

"சாய்மா."

"என்கிட்ட சொல்றதுக்கு இன்னா? நான் இன்னா உங்க மொதலாளியா, இல்ல மாமனாரா?"

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். அவன் கைகள் தானாகப் பின்னால் போவதைப் பார்த்துவிட்டு, "தூக்க வேணாம். யாரும் தூக்கச் சொல்லல. கிட்ட உக்காருங்க, போதும்" என்றாள்.

அவன் நெருங்கி உட்கார்ந்தான். குழந்தையின் பாதம் ஒன்று துணிக்கு வெளியே நீண்டு, அவன் முழங்கையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அன்று முதல் அவன் மயிலாப்பூர் வீட்டிலேயே தங்கினான். ஹாஜிரா பீ திகைத்துப்போனார். "மாப்ள இங்கயே இருக்கறதா? ஜனங்க இன்னா பேசும்?"

"பேசட்டும். நோவாளிய யாராவது தனியா வுடுவாங்களா?" என்றாள் சாய்மா.

"இன்னா நோவு? நல்லாத்தானே கீறாரு?"

சாய்மா தாயிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த ஹனீஃபா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொள்ளவில்லை. "அப்போ அன்னிக்கி ஆஸ்பத்திரில... பாங்கு சொல்லச் சொன்னது... அது எனக்காக இல்லயா மாப்ள?"

ஃபைசானுக்கு அதுவே மிகவும் கடினமான பதிலாக இருந்தது. "இல்ல மாமா. என்னால முடியல."

கிழவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பரவால்ல. நீங்க குடுக்கலன்னாலும் எனக்குக் கெடச்சிது" என்றார். பிறகு எழுந்துபோய், தன்னுடைய மெத்தையை எடுத்து மருமகனுக்கு விரித்தார்.

வியாழக்கிழமை மருத்துவர் நிதானமாக எல்லாவற்றையும் கேட்டார். குழந்தை பிறந்தபின் தாய்க்கு வருவதைப்போலவே தகப்பனுக்கும் மனச்சோர்வு வருவதுண்டு, அது அரிதும் அன்று, யாரும் தேடிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான் என்றார். கையிலிருந்து பிள்ளை நழுவும் காட்சிகளை அவன் தலை குனிந்தபடி சொன்னபோது, "அந்தக் காட்சியைக் கண்டு இவ்வளவு பதறுகிறீர்களே, பிள்ளைக்குத் தீங்கு நினைப்பவர் இப்படிப் பதறமாட்டாரே" என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாரந்தோறும் வந்து பேசச் சொன்னார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நடுவில் மனம் சொல்லும் முடிவு எதையும் நம்பி நடக்க வேண்டாம் என்று எச்சரித்தார்.

சில வாரங்கள் ஆயின. ஒருநாள் காலை, குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டிய பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு, சாய்மா துணி உலர்த்த மாடிக்குப் போனாள். ஃபைசான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மொட்டையடித்த தலையில் முடி இன்னும் சரியாக முளைக்கவில்லை. உச்சிக்குழியில் தோல் மெல்ல எழுந்து எழுந்து அடங்குவதை அவன் கண்டான். எலும்புகூட மூடாத இடம். அதன் அடியில் ஓர் உயிர் எவருடைய அனுமதியையும் கேட்காமல் துடித்துக்கொண்டிருந்தது. யாரும் சொல்லித்தராமல் மூச்சு வாங்குகிறது, கொட்டாவி விடுகிறது, விரல் நுனியில் நகம் வளர்க்கிறது. பிறந்த அன்று அவனைத் திகைக்கவைத்த அதே அதிசயம்தான். ஆனால் இன்று அது அவனிடம் எதையும் கேட்கவில்லை. தகுதி வேண்டும் என்று சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்றிருந்தது. பார்த்துக்கொண்டேயிருந்தான். அழுகிறோம் என்பது, தாடியில் ஈரம் பட்டபின்தான் தெரிந்தது.

அன்று பகலிலேயே அவன் சைதாப்பேட்டைக்குப் போய் நாகராஜின் மாடியேறினான். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டான்.

"இன்னா பாய், வெளயாடறியா? விசா வந்து ஒக்காந்துக்கினு கீது. உனுக்கு போன் மேல போன் போட்டேன், எடுக்கல."

"ஒடம்பு சரியில்லண்ணே. டாக்டர்கிட்ட பாத்துக்கினு கீறேன்."

"மெடிக்கல்ல பாஸ் ஆயிட்டியே. எக்ஸ்ரே கிளீனா கீதே."

"எக்ஸ்ரேல தெரியாது" என்று சொன்ன ஃபைசான், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். ஓர் ஏஜெண்டிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒருமுறை வாய்விட்டுச் சொன்ன உண்மை, அடுத்த முறை அவ்வளவு கனக்கவில்லை.

நாகராஜ் நடுவில் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் விட்டார். அவருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் பாஸ்போர்ட்டுகள் ரப்பர் வளையங்களில் கட்டுக் கட்டாக இருந்தன. திரும்பி அவற்றைப் பார்த்தார்.

"கொழந்த பொறந்த கையோட என்கிட்ட வருவானுங்க பாய். சீக்கிரம் அனுப்புண்ணே, எந்த ஊரா இருந்தாலும் பரவால்லம்பானுங்க. இன்னா வேல, இன்னா சம்பளம், எங்க தங்கறது, ஒண்ணு கேக்கமாட்டானுங்க. நீ கூட கேக்கல." தாடையைத் தடவிக்கொண்டார். "நான் இன்னா நெனச்சேன்? பொறுப்பான பசங்கன்னு நெனச்சேன். அவனுங்க வூட்ல போயி அதையே சொல்லிட்டும் வந்திருக்கேன்."

"எல்லாருக்கும் இது இருக்காதுண்ணே. முக்காவாசி பேரு நெஜமாவே பொறுப்புலதான் போவாங்க."

"யாருக்கு கீது, யாருக்கு இல்லன்னு எப்டி தெரியும்?"

"கேட்டாத்தான் தெரியும்."

ஃபைசானும் அந்த அலமாரியைப் பார்த்தான். ஒவ்வொரு நீல அட்டைக்குள்ளும் ஒரு முகம். அவற்றில் எத்தனை முகங்கள், வீட்டார் மெச்ச மெச்ச, உள்ளே ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றன? கீழே தெருவில் பேருந்துகள் உறுமின. தகப்பன்மார் பிள்ளைகளைத் தோளில் சுமந்து கூட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தார்கள்.

நாகராஜ் அவனுடைய பாஸ்போர்ட்டைத் தேடியெடுத்து மேசைமேல் வைத்தார். அதோடு பேச்சு முடிந்தது என்றுதான் ஃபைசான் நினைத்தான்.

"சாய்ந்தரம் ஒருத்தன் வர்றான்" என்றார் நாகராஜ். "ஜாபர்கான்பேட்ட பையன், செம்பியன்னு பேரு. பொண்ணு பொறந்து மாசம் ஆவல. நேத்து போன்ல பேசறான், கொரலே சரியில்ல." சற்றுத் தயங்கினார். "அந்த சிஸ்டரு கேட்ட கேள்வியெல்லாம் நெனவு கீதா உனுக்கு?"

ஃபைசான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"கீதுண்ணே. மொதல்ல, தூக்கம் வருதான்னு கேளுங்க."